எதிரே வரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் கை தூக்குகிறோம்?

கேள்வி இதுதான்: “இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரை திறக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதே மாதிரிக் காரில் எதிரே வருகிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள், கை தூக்கிவிட்டுப் போகிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நான் யாருக்கெல்லாம் கை தூக்க வேண்டும்? பதிலுக்கு லைட் அடித்தால் போதாதா? சிலர் கண்டுகொள்ளாமலே போகிறார்களே, அது ஏன்?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை தூக்குங்கள். அவர் தூக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் தூக்குங்கள். லைட் அடிக்க வேண்டாம். பதில் வராவிட்டால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் உங்களைச் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டார். இவ்வளவு தெரிந்தால் நாளைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கையசைப்பு காரின் விலைக்குப் போடும் வணக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாலையில் அதிகமாகக் கை தூக்கிக்கொள்கிறவர்கள் மலிவான, சின்ன, கூரை திறக்கும் கார்களை ஓட்டுகிறவர்கள்தான். கோடீஸ்வரர்களின் கார்களுக்குள் இந்தப் பழக்கம் மிகவும் குறைவு. எதிரே வருகிறவர் உங்களைப் போலவே வசதியை விட்டுக்கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பின் இருக்கை இல்லை, பெட்டி வைக்க இடம் இல்லை, சின்னப் பள்ளம்கூட முதுகெலும்பில் தெரியும். இதையெல்லாம் தெரிந்தே ஒருவர் அந்தக் காரில் வருகிறார் என்றால், ஓட்டுவதில் உள்ள சந்தோஷத்துக்காகத்தான் வருகிறார். அந்த ஒன்றைத்தான் இருவரும் ஒருவருக்கொருவர் கை தூக்கிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். கார் ஓட்டுகிறவருக்குச் சாலையில் வணக்கம் சொல்லும் வழக்கம் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முந்தியது. பிரிட்டனில் 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற கார் ஓட்டுகிறவர்களின் சங்கம் தொடங்கப்பட்டது. அப்போது அங்கே வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். போலீசார் புதர் மறைவில் நின்று வேகத்தை அளந்து வழக்குப் போட்டார்கள். சங்கத்தின் காவலர்கள் சைக்கிளில் சுற்றி, முன்னால் போலீஸ் நிற்கிறது என்று உறுப்பினர்களை எச்சரித்தார்கள். அது போலீசாரின் பணிக்கு இடையூறு என்று 1910-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கத்தார் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். காரின் முகப்பில் சங்கத்தின் சின்னத்தைக் கண்டால் காவலர் சல்யூட் அடிப்பார். சல்யூட் அடிக்காவிட்டால், உறுப்பினர் வண்டியை நிறுத்தி ஏன் அடிக்கவில்லை என்று கேட்க வேண்டும். கேட்டால் காரணம் தெரியும்! சல்யூட் அடிக்காமல் இருப்பதை எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்ல முடியாது. 1960-களின் தொடக்கம் வரை அந்தச் சல்யூட் நீடித்தது.

அது சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் நடுவே நடந்தது. ஓட்டுகிறவரும் ஓட்டுகிறவரும் செய்துகொண்டது அல்ல. இன்று நாம் செய்வதன் வேர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இருக்கிறது. பிரிட்டனில் பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே எம்ஜி என்ற குட்டிக் கார்களைப் பார்த்து மயங்கினார்கள். 1945 முதல் 1949 வரை தயாரான எம்ஜி டிசி மாடல் மொத்தமே சுமார் 10,000. அதில் அமெரிக்கா போனவை சுமார் 2,000. எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங், 1250 சிசி எஞ்சின், கம்பிச் சக்கரம், ஹீட்டர் கிடையாது. கப்பல் மாதிரி நீண்ட பெரிய கார்களுக்கு நடுவே அந்த ஊரின் நெடுஞ்சாலையில் இதை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு, எதிரே இன்னொரு எம்ஜி வந்தால் எப்படி இருந்திருக்கும்! கை தானாக எழும்பியிருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்தக் கார்கள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். உதிரிபாகம் பக்கத்துக் கடையில் கிடைக்காது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பையோ கார்புரேட்டரையோ சரிசெய்யத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே எதிரே வருகிற அந்த ஆள் ஒருவராகத்தான் இருக்கலாம். ஆகவே அந்தக் கைக்குள் ஒரு வாக்குறுதியும் இருந்தது: நீ நின்றுபோனால் நான் நிற்பேன். என் பார்வையில் இந்தப் பழக்கத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் சொந்த ஸ்போர்ட்ஸ் காரான ஷெவர்லே கார்வெட் 1953-இல் வந்தது. முதல் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் கையால் கட்டியவை 300 கார்கள் மட்டும். எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கண்ணாடி இழையில் செய்த உடல். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை, மழை வந்தால் தனியாகத் திரை மாட்ட வேண்டும். நாடு முழுவதற்கும் முந்நூறு என்றால், இன்னொன்றைச் சாலையில் பார்ப்பது எவ்வளவு அபூர்வம் என்று எண்ணிப் பாருங்கள். பார்த்த மாத்திரத்தில் லைட் அடித்தும் கை அசைத்தும் ஒருவரையொருவர் வரவேற்றார்கள் என்பது கார்வெட்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. 1979-இல் ஒரே ஆண்டில் 53,807 கார்வெட்கள் தயாராயின. எண்ணிக்கை கூடக் கூடக் கை தூக்குவது குறைந்தது. இந்த வழக்கம் அழிந்துவிடக் கூடாது என்று கார்வெட்காரர்கள் புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்றும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜீப்பை விட்டுவிட முடியாது. ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான், ஆனால் இந்த வழக்கத்தை மிகவும் கறாராகக் காப்பாற்றுகிறவர்கள் ஜீப்காரர்கள். போர்க்களத்தில் ஜீப் ஓட்டியவர்கள் ஊர் திரும்பி, தெருவில் இன்னொரு ஜீப்பைக் கண்டால் பழைய தோழனைக் கண்டதுபோல் கை தூக்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் தொடக்கக் கதை. அவர்களிடம் 2020-இல் கனடாவில் ஒரு புதுப் பழக்கமும் பிறந்தது: நிறுத்தியிருக்கும் ஜீப் பிடித்துப்போனால் அதன் மேல் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துவிட்டுப் போவது. இன்று வாத்துகளை வரிசையாக டாஷ்போர்டில் அடுக்கி வைத்திருக்கும் ஜீப்களை நிறையப் பார்க்கலாம். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். கை தூக்குவது நொடியில் முடிந்துவிடுகிறது, வாத்து தங்கிவிடுகிறது.

அபூர்வமாக இருப்பதால்தான் கை தூக்குகிறோம் என்று இதுவரை சொன்னதை வைத்து முடிவு கட்டத் தோன்றும். மாஸ்டா எம்எக்ஸ்-5 அந்த முடிவைக் கலைத்துவிடுகிறது. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரில் 2016-க்குள் பத்து லட்சம் தயாராகிவிட்டன. உலகத்தில் அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். அபூர்வம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் எம்எக்ஸ்-5 ஓட்டுகிறவர்கள் பார்க்கும் இடத்தில் எல்லாம் கை தூக்குகிறார்கள். முதல் தலைமுறைக் காரில் பானெட்டுக்குள்ளிருந்து எழும்பும் பாப்-அப் ஹெட்லைட்கள் இருந்தன. அவற்றைத் தூக்கி இறக்கிக் கண் சிமிட்டுவதே அவர்கள் மொழியாக இருந்தது. 1997-க்குப் பிறகு வந்த மாடல்களில் அது போய்விட்டது. ஆனால் கை போகவில்லை.

ஏன் போகவில்லை? என் முடிவு இது: முகம் தெரிகிறது. கூரையைத் திறந்து ஓட்டும்போது நீங்கள் ஒரு பெட்டிக்குள் இல்லை, சாலையில் இருக்கிறீர்கள். எதிரே வருகிறவரின் தொப்பி, கண்ணாடி, சிரிப்பு எல்லாம் தெரிகிறது. மனித முகத்தைப் பார்த்தால்தான் மனிதனுக்கு வணக்கம் சொல்லத் தோன்றும். மோட்டார் சைக்கிள்காரர்களிடம் இந்தப் பழக்கம் வலுவாக இருப்பதும் இதனால்தான். கூரை மூடிய காரில் வருகிறவர்கள் அதே மாடலாக இருந்தாலும் குறைவாகவே கை தூக்குவதை நீங்களே கவனிக்கலாம். மழைக்காலத்தில் அதே ஆட்கள், அதே சாலை, பாதிக் கைகள் காணாமல் போய்விடும்.

இதை வைத்தே சூப்பர் கார்களின் மௌனத்தையும் புரிந்துகொள்ளலாம். கறுப்புக் கண்ணாடி, தாழ்ந்த கூரை, குறுகிய முன் ஜன்னல். உள்ளே இருப்பவரின் முகம் வெளியே தெரியாது. வெளியே நடப்பதும் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதோடு, அந்தக் காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாலே எல்லோரும் மொபைலை நீட்டிப் படம் எடுக்கிறார்கள், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். நாள் முழுக்கப் பார்வைக்கு நடுவிலேயே இருக்கிறவர் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வது இயல்பு. அதைத் திமிர் என்று நான் சொல்ல மாட்டேன்.

போர்ஷேயில் இன்னொரு மாற்றம் நடந்தது. ஒரு காலத்தில் அந்தச் சின்னத்தைப் பார்த்தாலே அது ஸ்போர்ட்ஸ் கார் என்று பொருள். 2002-இல் கேயென் வந்த பிறகு, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் பெரிய வண்டிகளிலும் அதே சின்னம். ஆகவே இப்போது சின்னத்துக்குக் கை தூக்குவதில்லை, மாடலுக்குத்தான். 911 என்ற அதன் ஸ்போர்ட்ஸ் கார் மாடலை ஓட்டுகிறவர் இன்னொரு 911-க்குத் தூக்குவார். அதிலும் 1998 வரை வந்த, காற்றால் குளிரும் எஞ்சின் உள்ள பழைய 911-கள் தமக்குள் இன்னும் நெருக்கம்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன்: ஏன் சிலர் பதில் சொல்வதில்லை? கணக்கைப் பாருங்கள். இரண்டு வண்டிகளும் மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்தால், நெருங்கும் வேகம் 160. அதாவது நொடிக்கு 44 மீட்டர். இருநூறு மீட்டர் தொலைவில் அவர் உங்கள் காரை அடையாளம் கண்டாலும், உங்களைக் கடக்க நாலரை நொடிதான். அதற்குள் என்ன கார் என்று புரிய வேண்டும், உங்கள் கை எழும்பியதைப் பார்க்க வேண்டும், தன் கையை எடுக்க வேண்டும். உண்மையில் ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை. முன்னால் ஒரு வேன் போனால் நீங்கள் ஐம்பது மீட்டரில்தான் அவர் கண்ணில் படுவீர்கள். அதாவது ஒரு நொடிக்குச் சற்று அதிகம். வளைந்து வளைந்து போகும் சாலையில் அதுவும் கிடைக்காது. அந்தச் சமயத்தில் அவர் கியர் மாற்றிக்கொண்டிருக்கலாம், முகத்தில் வெயில் அடிக்கலாம், உங்கள் முன் கண்ணாடியில் வானம் பிரதிபலித்து உள்ளே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். காரை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருக்கலாம். இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாமல், யாருக்கோ கை காட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறவர்களும் உண்டு. அடுத்த தடவை அவரே முதலில் தூக்குவார். அதற்குக் காரணம் இன்றைக்கு நீங்கள் தூக்கிய கையாக இருக்கும்.

கையை எப்படித் தூக்குவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஜன்னல் பக்கத்துக் கையால் தூக்குங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது வலது கை. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது கை. எந்த நாடாக இருந்தாலும் சாலை நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் கை அதுதான், எதிரே வருகிறவருக்குத் தெளிவாகத் தெரிவதும் அதுதான். கூரை திறந்திருந்தால் முன் கண்ணாடியின் மேல் சட்டத்துக்கு மேலே உள்ளங்கையை ஒரு கணம் காட்டினால் போதும். வானத்தின் பின்னணியில் அது தூரத்திலிருந்தே தெரியும். கூரை மூடியிருந்தால் கையை ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் விரியுங்கள். ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்ட வேண்டாம். வளைவில், பிரேக் போடும்போது, ஓவர்டேக் செய்யும்போது கையை எடுக்கவே வேண்டாம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டிய நேரத்தில் தலையசைப்பே போதும். மோட்டார் சைக்கிள்காரர்கள் இதை அழகாகத் தீர்த்துவைத்திருக்கிறார்கள்: வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது கையைக் கீழே தாழ்த்தி இரண்டு விரலைக் காட்டுவார்கள், பிரிட்டன் போல இடப்பக்கம் ஓட்டும் இடங்களில் எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும் வலது கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் தலையை அசைத்துக்கொள்வார்கள்.

லைட் அடிப்பதைப் பற்றி. பழைய காலத்தில் அடித்தார்கள், உண்மை. இன்று வேண்டாம் என்றே சொல்வேன். அந்த ஒரு மின்னல் ஒரு நாட்டில் “நீங்கள் போங்கள்” என்றும், இன்னொரு நாட்டில் “நான் வருகிறேன், ஒதுங்கு” என்றும், வேறு இடத்தில் “முன்னால் போலீஸ்” என்றும் பொருள்படும். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம், நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு மட்டுமே ஹெட்லைட்டை அடிக்கலாம் என்கிறது. ஜெர்மனியில் ஊருக்கு வெளியே முந்திச் செல்லும்போதும் ஆபத்தை எச்சரிக்கவும் மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் வணக்கத்தை நடுவில் வரும் வேறொரு ஓட்டுநர் தனக்கான அனுமதி என்று எடுத்துக்கொண்டு குறுக்கே திரும்பிவிட்டால் என்ன ஆகும்? கையில் இந்தக் குழப்பம் வராது. ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காரில் இருக்கும் ஒலி, ஒளி எல்லாமே எச்சரிக்கைக்காக வைத்தவை; நட்பைச் சொல்ல மனிதனின் கைதான் இருக்கிறது.

யாருக்குத் தூக்குவது? உங்கள் மாடலுக்குக் கட்டாயம். அதன் முந்தைய, பிந்தைய தலைமுறைகளுக்கும். புதிய கார் ஓட்டுகிறவர் பழைய காருக்கு முதலில் தூக்குவது நல்ல மரியாதை. அந்தப் பழைய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். வேறு கம்பெனியின் திறந்த கார் வந்தாலும் தூக்குங்கள். கிளப் பயணமாக இருபது முப்பது கார்கள் வரிசையாக வந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டாம், முதல் காருக்குத் தூக்கிய கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தால் எல்லோருக்கும் சேர்ந்துவிடும். சாலையோரக் குழந்தை கை அசைத்தால் மட்டும் எந்த வேலையாக இருந்தாலும் பதில் அசையுங்கள்.

“இது ஒரு தனிக் கூட்டத்தின் பெருமைதானே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். பெயிண்ட் வெளுத்துப்போன, பம்பர் நசுங்கிய, உங்கள் காரின் மலிவான பதிப்பு ஒன்று எதிரே வருகிறது. சின்ன எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். அதற்கும் உங்கள் கை அதே வேகத்தில் எழும்புகிறதா? எழும்பினால் அது நட்பு. தயங்கினால் அது பெருமை, அதை விட்டுவிடுவது நல்லது. தன் கையால் கட்டிய கிட் காரில் வருகிறவரை “அசல் இல்லை” என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரை விலைக்கு வாங்கிய நம்மைவிட, கட்டி முடித்த அந்த ஆளுக்கே அது நெருக்கமான கார்.

முன்பு சொன்ன வாக்குறுதிக்கு வருகிறேன். உங்கள் மாதிரிக் கார் ஒன்று ஓரங்கட்டி, பானெட் திறந்து நிற்கிறது என்றால் கை அசைத்துவிட்டுப் போகாதீர்கள். பாதுகாப்பான இடம் பார்த்து, அவசர விளக்கைப் போட்டு நிறுத்தி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபியூஸ், ஒரு போன் நம்பர், கொஞ்சம் தண்ணீர், எந்த மெக்கானிக் இந்த எஞ்சினைத் தொடுவார் என்ற ஒரு தகவல், இவற்றில் ஏதாவது ஒன்று உங்களிடம் இருக்கும். இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்குள் நான் பார்த்த நல்ல நட்புகளில் பல இப்படி சாலையோரத்தில் தொடங்கியவைதான். நிற்க மனமில்லாதவர் தூக்கும் கை வெறும் அலங்காரம்.

மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் என்ன செய்வது என்றும் இப்போது கேட்கிறார்கள். சத்தம் இல்லையே, கியர் இல்லையே என்று தயங்குகிறார்கள். 2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் மொத்தமே சுமார் 2,450 தான் தயாரானது. லோட்டஸ் எலிஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாக வைத்துக் கட்டிய, இரண்டு இருக்கை, கூரை திறக்கும் கார். எம்ஜி கம்பெனியே இப்போது சைபர்ஸ்டர் என்று மின்சாரத் திறந்த கார் விற்கிறது. இரண்டுக்கும் தாராளமாகத் தூக்கலாம். அவர்களும் பின் இருக்கையை விட்டுக்கொடுத்தவர்கள்தான்.

வாடகைக்கோ நண்பரிடம் கடனாகவோ வாங்கிய காரில் போகும்போதும் யாராவது கை தூக்குவார்கள். அப்போதும் பதில் தூக்குங்கள். ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எதிரே வருகிறவர் பார்ப்பதில்லை.